வாசகர் கேள்வி – பதில்: பெலெங் தீவின் நீல ஏரி

இந்தோனேசியாவின் மத்திய சுலாவெசி மாகாணத்தைச் சேர்ந்த பெலெங் தீவில், காட்டுக்கு நடுவே இருக்கும் பைசு பொக் ஏரிக்குச் சென்று வந்த அனுபவத்தைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் பெரும்பாலானவை அங்கே எப்படிப் போவது என்று கேட்டவை. சில கடிதங்கள், அங்கே நாம் போகத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தன. இரண்டு வகைக் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருப்பதால், இம்மாதப் பகுதி முழுவதையும் அந்த ஏரிக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஏரியின் படத்தைப் பார்த்ததிலிருந்து மனம் அங்கேயே நிற்கிறது. வரைபடத்தில் தேடியபோது பெலெங் என்ற பெயரையே கண்டுபிடிக்கச் சிரமமாக இருந்தது. சரியாக எங்கே இருக்கிறது, எப்படிப் போய்ச் சேருவது?

சுலாவெசித் தீவின் வரைபடத்தை எடுத்து, கிழக்கு நோக்கி நீளும் அதன் கையைப் பாருங்கள். அந்தக் கையின் நுனிக்குத் தெற்கே, குறுகலான ஒரு நீரிணைக்கு அப்பால் பங்காய் தீவுக்கூட்டம் இருக்கிறது. அதில் மிகப் பெரிய தீவுதான் பெலெங். நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை பாகை தெற்கே இருப்பதால், ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகவே இருக்கும். ஏரி, தீவின் வடமேற்குப் பகுதியில் லுக் பனெந்தெங் என்ற சிற்றூரை ஒட்டி இருக்கிறது.

ஜகார்த்தா வழியாகவோ பாலி வழியாகவோ இந்தோனேசியாவுக்குள் நுழைந்து, அங்கிருந்து தெற்கு சுலாவெசியின் தலைநகரான மக்கசாருக்கும், பின்னர் சிறிய விமானத்தில் லூவுக் என்ற துறைமுக ஊருக்கும் செல்ல வேண்டும். லூவுக்கிலிருந்து பெலெங்கிற்குக் கடல்வழிதான். ஏரிக்கு அருகில் இறங்க விரும்புவோர் லெமே-லெமே துறைக்குச் செல்லும் படகைப் பிடிக்க வேண்டும். மாவட்டத் தலைநகரான சலாகானில் இறங்கினால், தீவைக் குறுக்கே கடக்க நீண்ட சாலைப் பயணம் மீதமிருக்கும். துறையிலிருந்து ஏரிவரை உள்ளூர் இளைஞர்கள் ஓட்டும் வாடகை மோட்டார் சைக்கிளில் போகலாம். இதற்கு அங்கே ‘ஓஜெக்’ என்று பெயர்.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். படகு எந்த நாளில், எந்த நேரத்தில் புறப்படும் என்பதை இணையத்தில் பார்த்துவிட்டு அதை நம்பித் திரும்பும் விமானச் சீட்டை வாங்கிவிடாதீர்கள். காற்றும் அலையும் சரியில்லை என்று படகோட்டி முடிவு செய்துவிட்டால் அன்றைக்குப் படகு கிடையாது, அவரோடு வாதாடவும் கூடாது. போகும் வழியில் ஒரு நாள், வரும் வழியில் ஒரு நாள் என இரண்டு நாள்களைச் சும்மா வைத்திருப்பவர்களுக்கே இந்தப் பயணம் நிம்மதியாக அமையும். படகில் ஏறும் முன் உயிர்காப்பு மேலங்கி எங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

கேள்வி: இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டுமா? அங்கே ஏ.டி.எம். உண்டா?

இந்தியர்களுக்கு இந்தோனேசியாவில் வந்திறங்கும்போதே விசா கிடைக்கும். கட்டணம் 5,00,000 ரூப்பியா. 30 நாள் தங்கலாம், ஒரு முறை மட்டும் இன்னும் 30 நாளுக்கு நீட்டித்துக்கொள்ளலாம். இணையவழியே முன்னதாக எடுத்துக்கொண்டால் விமான நிலையத்தில் வரிசை குறையும். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். பணத்தைப் பொறுத்தவரை, தீவில் தேவைப்படும் மொத்தத் தொகையையும் லூவுக்கிலேயே எடுத்து, சிறிய தாள்களாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். சிற்றூரில் 1,00,000 ரூப்பியா தாளை நீட்டினால் சில்லறைக்காக அந்தக் கடைக்காரர் நான்கு வீடு ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

கேள்வி: நான் அறிவியல் ஆசிரியை. தங்கள் கட்டுரையில் ‘படகு காற்றில் மிதப்பதுபோல் தெரிந்தது’ என்று எழுதியிருந்தீர்கள். தண்ணீர் ஏன் அவ்வளவு தெளிவாக இருக்கிறது? ஏன் நீலமாக இருக்கிறது? தெளிவும் நிறமும் ஒரே காரணத்தால் வருபவையா?

மிக நல்ல கேள்வி. இரண்டுக்கும் காரணங்கள் வேறு வேறு, ஆனால் ஒன்று இல்லாமல் மற்றொன்று நம் கண்ணுக்குத் தெரியாது.

பெலெங் தீவின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறை. மழைநீர் காற்றிலிருந்தும், அதைவிட அதிகமாக இலைமக்கு நிறைந்த மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெல்லிய அமிலமாக மாறுகிறது. அது பாறையின் வெடிப்புகளில் இறங்கி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகக் கரைத்துக் குகைகளையும் சுரங்கங்களையும் உண்டாக்குகிறது. இத்தகைய நிலத்தில் மழை பெய்தால் தண்ணீர் மேற்பரப்பில் ஆறாக ஓடி மண்ணை அரித்துக்கொண்டு வருவதில்லை. பெரும்பகுதி பாறைக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு பள்ளமான இடத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது. பைசு பொக் அப்படி நிலத்தடி நீர் மேலே வந்து நிற்கும் இடம். சேறு சேரவில்லை, அதனால் கலங்கல் இல்லை.

இது பாதி விடைதான். ஒரு குளத்தைக் கலக்குவது மண் மட்டுமன்று, பாசியும்தான். நைட்ரஜனும் பாஸ்பரஸும் கிடைத்தால் நுண்பாசி பெருகி நீர் பச்சையாகும். சுண்ணாம்பு நீரில் கால்சியம் மிகுந்திருப்பதால், அது படிகமாகப் பிரிந்து கீழே படியும்போது பாஸ்பரஸின் ஒரு பகுதியையும் தன்னோடு பிடித்துக்கொண்டு போய்விடுகிறது. ஆகவே நீரில் பாசிக்கு உணவு மிகக் குறைவு. நாம் அழகு என்று வியக்கும் அந்தத் தெளிவு, உண்மையில் ஒரு பட்டினி நிலை. இதை உங்கள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால், ஏரியை எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

நிறத்துக்கு வருவோம். சூரிய ஒளியில் இருக்கும் செந்நிறக் கதிர்களைத் தண்ணீர் முதல் சில மீட்டர் ஆழத்திலேயே உறிஞ்சிவிடும். நீலக் கதிர்கள் இன்னும் ஆழம்வரை சென்று, அடியிலுள்ள வெளிறிய பாறையில் பட்டுத் திரும்பி வருகின்றன. ஆழம் குறைந்த ஓரங்களில் பச்சை கலந்த நீலமாகவும், நடுவில் அடர்நீலமாகவும் தெரிவது இதனால்தான். வானத்தின் பிரதிபலிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது ஓரளவே உண்மை, மரங்கள் கவிந்து வானம் மறைந்த இடங்களிலும் அந்த நீலம் இருக்கத்தான் செய்கிறது.

இன்னொரு செய்தி உங்களுக்குப் பிடிக்கும். பங்காய் மொழியில் ‘பைசு’ என்றால் தண்ணீர், ‘பொக்’ என்றால் கறுப்பு. உலகமே நீல ஏரி என்று கொண்டாடும் ஒன்றை அந்த ஊர் மக்கள் கறுப்பு நீர் என்கிறார்கள். மிகத் தெளிந்த ஆழமான நீரில் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பத் துகள்கள் இருப்பதில்லை. ஆகவே வெயில் விழாத நேரத்தில் அது கறுப்பாகத்தான் தெரியும். விடியற்காலையிலும் அந்தியிலும் அந்த வழியே நடந்தவர்கள் வைத்த பெயர் என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: எனக்கு நீச்சல் சுமாராகத் தெரியும், பதின்மூன்று வயது மகனுக்குத் தெரியாது. படத்தில் அடித்தரை அவ்வளவு அருகில் தெரிகிறதே, இறங்கி நிற்க முடியாதா?

தயவுசெய்து அந்தப் படத்தை நம்பி மகனை இறக்கிவிடாதீர்கள். தெளிந்த நீரில் இருக்கும் பெரிய ஆபத்தே, அது ஆழத்தைக் குறைத்துக் காட்டுவதுதான். ஒளி தண்ணீரிலிருந்து காற்றுக்குள் வரும்போது வளைவதால், நேர் மேலிருந்து பார்க்கையில் நான்கு மீட்டர் ஆழம் மூன்று மீட்டராகத் தோன்றும். கலங்கலான குளத்தில் அடி தெரியாததால் நாம் தானாகவே எச்சரிக்கையாக இருப்போம். இங்கே அடியில் கிடக்கும் ஒவ்வொரு கிளையும் எண்ணிப் பார்க்கும்படி தெரிவதால், கால் எட்டும் என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது.

முதல் நாள் நான் மரமேடையில் அமர்ந்து, ஒரு பழுத்த இலை நீரில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இலை நீரின் மேல் அசையாமல் கிடந்தது. அதன் நிழல் மட்டும் அடியில், இலைக்கு நேர் கீழே இல்லாமல் வெகுதூரம் விலகி, சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. அந்த விலகலைக் கண்ட பிறகே, கண் சொன்ன ஆழம் தவறு என்பது எனக்குப் புரிந்தது.

கடலில் மிதந்து பழகியவர்களும் கவனிக்க வேண்டும். நன்னீர் உப்புநீரைவிட ஏறத்தாழ இரண்டரை விழுக்காடு அடர்த்தி குறைந்தது. கடலில் எளிதாக மிதக்கும் உடல் இங்கே சற்று அமிழும். நீரடியில் விழுந்து கிடக்கும் மரங்கள் அழகானவை, ஆனால் மேடையிலிருந்து தலைகீழாகப் பாய்பவருக்கு அவையே எமன். உயிர்காப்பு மேலங்கி அணிந்து, மெதுவாகப் படி வழியே இறங்கி, கரையோரமாக மிதந்துகொண்டு முகக்கண்ணாடி வழியே கீழே பார்ப்பதே உங்கள் மகனுக்கு ஏற்றது. அதில் அவனுக்கு எந்தக் குறையும் தோன்றாது. பாய்ந்து நீந்துபவர்களைவிட மிதப்பவர்களே அந்த ஏரியை நன்றாகப் பார்க்கிறார்கள்.

கேள்வி: சுலாவெசியின் நன்னீரில் நத்தை மூலம் பரவும் நோய் இருப்பதாகப் படித்தேன். ஏரியில் குளிப்பது பாதுகாப்பானதா?

நீங்கள் படித்தது உண்மை, ஆனால் இடம் வேறு. நத்தையிலிருந்து வெளிப்படும் ஒட்டுண்ணிப் புழு தோல் வழியே உடலுக்குள் நுழையும் சிஸ்டோசோமியாசிஸ் என்ற அந்த நோயை அங்கே ‘நத்தைக் காய்ச்சல்’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். 1937-இல் லிந்து ஏரிப் பகுதியில் அது கண்டறியப்பட்டது. இந்தோனேசியா முழுவதிலும் அது நிலைத்திருப்பது மத்திய சுலாவெசியின் லிந்து, நப்பு, பாடா ஆகிய மூன்று மலைப் பள்ளத்தாக்குகளில் மட்டுமே. அவை பெருந்தீவின் உட்பகுதியில் இருப்பவை. பெலெங்கிற்கும் அவற்றுக்கும் இடையே நெடுந்தூர நிலமும் ஒரு கடலும் இருக்கின்றன. பயணத்தின்போது அந்தப் பள்ளத்தாக்குகளுக்கும் செல்வதாக இருந்தால், அங்கே வயல் நீரிலும் ஓடையிலும் கால் வைக்காதீர்கள்.

ஏரியைப் பொறுத்தவரை பொதுவான கவனம் போதும். உடலில் ஆறாத புண் இருந்தால் எந்த நன்னீரிலும் இறங்கக் கூடாது, எலிக்காய்ச்சல் அந்த வழியில்தான் வருகிறது. தெளிவாக இருக்கிறது என்பதற்காக அந்த நீரை அப்படியே அள்ளிக் குடிக்கவும் கூடாது. நுண்ணுயிரிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. கொசுவால் வரும் நோய்கள் குறித்துப் புறப்படும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டெங்கு பரப்பும் கொசு பகலில்தான் கடிக்கும் என்பதால், ஏரிக்கரையில் முழுக்கைச் சட்டை நல்லது.

கேள்வி: நிலநடுக்கோட்டு வெயிலில் சன்ஸ்கிரீன் இல்லாமல் எப்படி இருப்பது? ‘தண்ணீரில் எதையும் கலக்காதீர்கள்’ என்று நீங்கள் எழுதியது எனக்குச் சற்று மிகையாகப் பட்டது. ஒரு மனிதர் பூசிய களிம்பால் ஓர் ஏரி கெட்டுவிடுமா?

ஒருவரால் கெட்டுவிடாது. ஆனால் அங்கே நீங்கள் ஒருவராகப் போவதில்லை; உங்களுக்கு முன் நூறு பேர் போயிருக்கிறார்கள், பின்னால் ஆயிரம் பேர் வரப்போகிறார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு தீவில் இதேபோன்ற ஒரு சிறிய ஊற்றுக்குளத்தில் நான் களிம்பு பூசிக்கொண்டு இறங்கினேன். கரையேறித் திரும்பிப் பார்த்தபோது, நான் நீந்திய வழியெங்கும் எண்ணெய்ப் படலம் மயில்கழுத்து நிறங்களோடு விரிந்து கிடந்தது. காற்று அதை ஒரு மூலைக்குத் தள்ளியது. அந்த மூலையில்தான் ஒரு பெண்மணி குடத்தைச் சாய்த்து நீர் மொண்டுகொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை; கையால் நீரை இருமுறை விலக்கிவிட்டு, குடத்தை நிரப்பிக்கொண்டு போனார். அந்தக் கை அசைவை நான் இன்றுவரை மறக்கவில்லை. ‘எதையும் கலக்காதீர்கள்’ என்று நான் எழுதுவது அந்த நாளிலிருந்துதான்.

சுண்ணாம்பு நிலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. மணலும் களிமண்ணும் உள்ள நிலத்தில் அழுக்கு நீர் மெல்ல மெல்ல வடிகட்டப்பட்டுத்தான் நிலத்தடிக்குப் போகும். சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளோ குழாய்களைப் போன்றவை. ஓரிடத்தில் ஊற்றிய கழிவு வடிகட்டப்படாமல் விரைவாக இன்னோர் இடத்து ஊற்றில் வெளிப்பட்டுவிடும். அதனால் ஏரிக்குள் மட்டுமன்றி ஏரியைச் சுற்றியும் சோப்பு, ஷாம்பூ, சிறுநீர் எதுவும் கூடாது. சிறுநீரில் இருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் நான் மேலே சொன்ன அந்தப் பட்டினி நிலையைக் குலைக்கப் போதுமானவை. சிற்றூரிலேயே கழிப்பறைக்குச் சென்றுவிட்டுக் கிளம்புங்கள்.

வெயிலுக்கு வழி இருக்கிறது. முழுக்கை நீச்சல் உடை, கழுத்து மறையும் துணித்தொப்பி, நண்பகலில் நிழல். இவ்வளவும் செய்தால் களிம்புக்குத் தேவை முகத்தோடு நின்றுவிடும். படகுப் பயணத்தில் பூசிக்கொண்டிருந்தால், நீரில் இறங்கும் முன் ஊரிலேயே துடைத்துவிடுங்கள். பவளப்பாறைக்குக் கேடு செய்யும் சில வேதிப்பொருள்கள் கொண்ட களிம்புகளைப் பலாவ் நாடு 2020 முதல் தடை செய்திருக்கிறது. ஒரு நாடே சட்டம் போடும் அளவுக்கு இது கவலைக்குரிய பொருள் என்பதால், மிகைப்படுத்திவிட்டதாக நான் நினைக்கவில்லை.

கேள்வி: எந்த மாதம் போகலாம்?

ஏரியைவிடக் கடலைப் பார்த்தே மாதத்தை முடிவு செய்ய வேண்டும். நடு ஆண்டில் தென்கிழக்குப் பருவக்காற்று வீசும்போது கடல் முரட்டுத்தனமாக இருக்கலாம். பருவம் மாறும் அக்டோபர், நவம்பர் மாதங்கள் பொதுவாகப் படகுக்கு ஏற்றவை. மழை எந்த மாதத்திலும் வரலாம். பெருமழை பெய்த மறுநாள் ஏரிக்குப் போகாமல் ஒரு நாள் பொறுத்துப் போவது நல்லது.

கேள்வி: நாங்கள் சைவ உணவுக்காரர்கள். மொழியும் தெரியாது. சமாளிக்க முடியுமா?

முடியும். சோறு, காய்கறி, டெம்பே என்ற புளிக்கவைத்த சோயா, டோஃபு ஆகியவை இந்தோனேசியாவில் எளிய மக்களின் அன்றாட உணவு. பெலெங்கில் இவற்றோடு பங்காய்க் கிழங்கு என்று அவர்கள் பெருமையாகச் சொல்லும் வள்ளிக்கிழங்கு வகைகள் உண்டு. அவித்த கிழங்கைச் சூடாகத் தட்டில் வைத்தால் நீங்கள் வேறெதுவும் கேட்கமாட்டீர்கள். மிளகாய்ச் சம்பல் மட்டும் எச்சரிக்கை: அதில் பெரும்பாலும் இறால் விழுது சேர்ந்திருக்கும். ‘தான்பா ஈக்கான், தான்பா டாகிங்’ (மீன் வேண்டாம், இறைச்சி வேண்டாம்) என்பதோடு ‘தான்பா தெராசி’ (இறால் விழுது வேண்டாம்) என்பதையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

மொழி தெரியாது என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் ‘காப்பால்’ என்பது நம் கப்பல். ‘கெடாய்’ என்பது நம் கடை. ‘சுமா’ என்றால் வெறுமனே, அதாவது நம் சும்மா. நீர்நிலைக்கு அவர்கள் சொல்லும் ‘கோலாம்’ நம் குளமேதான். கடல் வணிகம் செழித்த நூற்றாண்டுகளில் தமிழிலிருந்து மலாய்க்குச் சென்று, அங்கிருந்து இன்றைய இந்தோனேசிய மொழிக்கு வந்து நிலைத்துவிட்ட சொற்கள் இவை. லெமே-லெமே துறையில் ஒரு முதியவர் ‘காப்பால்’ என்று கடலைக் காட்டியபோது, ஊரைவிட்டு வெகுதூரம் வந்துவிட்டோம் என்ற எண்ணம் எனக்கு அடியோடு அகன்றது.

கேள்வி: உங்கள் கட்டுரை எனக்கு வருத்தம் தந்தது. யாருக்கும் தெரியாமல் இருக்கும் ஓர் இடத்தை எழுதி எழுதியே கூட்டம் சேர்த்துவிடுகிறீர்கள். இப்படிப்பட்ட ஏரிகளை விட்டுவைத்தால் என்ன?

கடுமையான கேள்விதான். நானும் எழுதும் முன் பல நாள் இதையே யோசித்தேன்.

முதலில், அது யாருக்கும் தெரியாத இடம் அன்று. லுக் பனெந்தெங் மக்களுக்கு அது என்றைக்கும் தெரிந்த தண்ணீர். நமக்குத் தெரியாததை ‘யாருக்கும் தெரியாதது’ என்று சொல்லும் பழக்கத்தை முதலில் விட வேண்டும் என்று நினைக்கிறேன். ஆகவே, போகலாமா கூடாதா என்பதை முடிவு செய்யும் உரிமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அது அந்த ஊராருடையது.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. பிலிப்பைன்ஸின் பலவான் மாகாணத்தில் கொரோன் தீவு முழுதும் செங்குத்தான சுண்ணாம்பு மலைகளும், அவற்றுக்கிடையே மறைந்த ஏரிகளும்தான். அங்கே வாழும் தக்பன்வா பழங்குடியினர் பாறை உச்சிகளில் உழவாரன் பறவையின் கூடுகளைச் சேகரித்தும் மீன்பிடித்தும் வாழ்பவர்கள். தங்கள் நிலத்துக்கும், அதைச் சூழ்ந்த கடலுக்கும் சேர்த்து உரிமை கேட்டு நீண்ட காலம் போராடினார்கள். 1997-இல் அந்நாட்டில் பழங்குடி மக்கள் உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. 1998-இல் 22,000 ஹெக்டேருக்கும் அதிகமான நிலமும் நீரும் அவர்களுடைய மூதாதையர் நிலமாக ஏற்கப்பட்டன. அவர்கள் எல்லா ஏரிகளையும் பூட்டிவிடவில்லை, எல்லாவற்றையும் திறந்துவிடவும் இல்லை. கயங்கான் போன்ற சில ஏரிகளுக்கு மட்டும் கட்டணம் வாங்கிக்கொண்டு விருந்தினரை விடுகிறார்கள். மற்றவை புனிதமானவை, அங்கே வெளியார் போகக் கூடாது. கேட்டதும் கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் கையில் இருக்கின்றன.

பெலெங்கில் நிலைமை அவ்வளவு உறுதியாக இல்லை. சுண்ணாம்புக்கல் சிமெண்ட் தொழிலுக்கு வேண்டிய மூலப்பொருள். அந்தத் தீவின் மலைகள் மீது சுரங்க முதலாளிகளின் கண் இருக்கிறது. மலையை வெட்டினால் மழைநீரை வடித்துக் கொடுக்கும் பாறையே போய்விடும். ஏரிக்கு வருபவர்கள் கொடுக்கும் நுழைவுக்கட்டணமும், படகு வாடகையும், தங்கும் வீட்டு வாடகையும் ஊருக்குள்ளேயே தங்கினால், மலையை விற்காமல் வாழ முடியும் என்று சொல்ல அந்த மக்களுக்கு ஒரு கணக்கு கிடைக்கும். இதை நம்பித்தான் எழுதினேன். ஆகவே, போகிறவர்கள் லூவுக்கிலிருந்து எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போய் ஒரு பகல் குளித்துவிட்டுத் திரும்பாமல், ஊரில் தங்கி, ஊரில் உண்டு, ஊர்ப் படகில் ஏறுங்கள். டிரோன் பறக்கவிடும் முன் கேளுங்கள். மனிதர்களைப் படம் எடுக்கும் முன்னும் கேளுங்கள். ‘இல்லை’ என்ற சொல்லை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அவ்வளவு தூரம் போய் ஏரியை மட்டும் பார்த்துவிட்டு வருவதா? வேறு என்ன இருக்கிறது?

பங்காய் கார்டினல் மீன் என்று ஒன்று. ஏறத்தாழ எட்டு சென்டிமீட்டர் நீளம், வெள்ளி உடலில் கறுப்புப் பட்டைகள், வெண்புள்ளி பதித்த துடுப்புகள். இந்தத் தீவுக்கூட்டத்தின் ஆழமற்ற கடலில், கடல் முள்ளெலிகளின் முட்களுக்கு நடுவே கூட்டமாக ஒளிந்திருக்கும். ஆண்மீன் முட்டைகளைத் தன் வாய்க்குள் வைத்துக் காக்கிறது. குஞ்சுகள் வெளிவந்த பின்னும் சில நாள் வாயிலேயே வைத்திருக்கிறது, அதுவரை எதுவும் உண்பதில்லை. மற்ற மீன்களைப் போல இதன் குஞ்சுகள் கடலோட்டத்தில் மிதந்து வேறிடம் போவதில்லை என்பதால், பிறந்த விரிகுடாவை விட்டு நகராத மீன் இது. 1994-க்குப் பிறகு உலகக் கவனத்துக்கு வந்து, அலங்கார மீன் வணிகத்துக்காக அளவுமீறிப் பிடிக்கப்பட்டது. 2007-இல் அழியும் நிலையிலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது.

பறவை ஆர்வலர்களுக்குப் பங்காய்க் காகம். இரண்டே இரண்டு பதப்படுத்தப்பட்ட உடல்களை வைத்து 1900-இல் விவரிக்கப்பட்ட இந்தக் காகம், அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக அறிவியல் உலகின் கண்ணில் படவில்லை. அழிந்துவிட்டது என்றே பலர் எண்ணியிருந்தபோது, 2007-இல் பெலெங்கின் மலைக்காட்டில் மீண்டும் அடையாளம் காணப்பட்டது. ஏரிக்கரையில் காகம் கரைந்தால் ஒரு கணம் நின்று கேளுங்கள்.

கேள்வி: அது நிலநடுக்கப் பகுதி என்கிறார்களே?

ஆம். 2000-ஆம் ஆண்டு மே 4 அன்று இந்தத் தீவுக்கூட்டத்தை 7.6 அளவுள்ள நிலநடுக்கம் தாக்கியது. 46 பேர் இறந்தார்கள். கடலோரத்தில் தங்கும் இரவில், மேட்டுநிலத்துக்குச் செல்லும் வழியை வீட்டுக்காரரிடம் கேட்டு ஒரு முறை நடந்து பார்த்துவிட்டுப் படுங்கள். நிலம் கடுமையாகவோ நெடுநேரமோ அதிர்ந்தால், எச்சரிக்கை ஒலிக்காகக் காத்திராமல் மேட்டுக்குப் போய்விட வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது அறுபத்தெட்டு. மூட்டுவலி, தண்ணீரில் இறங்க முடியாது. கரையில் உட்கார்ந்து பார்ப்பதற்காக மட்டும் இவ்வளவு தூரம் போவது வீண்தானே? பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அம்மா, வீண் இல்லை. படகில் ஏறி இறங்கும்போது ஒருவர் கையைப் பிடிக்க வேண்டும், மோட்டார் சைக்கிளுக்குப் பதிலாக முன்கூட்டியே சொல்லி ஒரு வண்டி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். இவை இரண்டுக்கும் வழி செய்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். மற்றவர்கள் வரும் முன், வெயில் மரங்களுக்குப் பின்னால் இருக்கும்போதே மேடையில் அமர்ந்துவிட வேண்டும். அப்போது நீர் கறுப்பாக இருக்கும். அடியும் தெரியாது, நீலமும் தெரியாது, அது ஏரிதானா என்றுகூடத் தோன்றும். பிறகு எதிர்க்கரையில் ஒரு கிளைக்கு நடுவிலிருந்து ஒரு கீற்று வெயில் சாய்ந்து இறங்கும். அது விழும் இடத்தில் மட்டும், ஒரு பாய் விரித்த அளவுக்கு, கறுப்பு விலகி நீலம் திறக்கும். அதற்குள் ஒரு மரத்தின் வேர் தெரியும். அந்த நீலத் துண்டு அகலமாகிக்கொண்டே உங்கள் காலடிக்கு வந்து சேர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். நீந்த வருபவர்கள் யாரும் அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை.